இரண்டாவது சாவி

பழைய கார் வாங்கப் போகிறவன் எதை எதையோ பார்க்கிறான். எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கிறான். டயரைக் காலால் உதைத்துப் பார்க்கிறான். வெள்ளத்தில் நின்ற வண்டியோ என்று கால்மிதியைத் தூக்கி முகர்ந்துகூடப் பார்க்கிறான். "சாவி எத்தனை?" என்று கேட்க மட்டும் அவனுக்குத் தோன்றுவதில்லை. எனக்கும் தோன்றவில்லை.

எனக்கு விற்றவர் நல்ல மனிதர். பத்து வருஷம் ஓடிய காரைத் துடைத்துக் குங்குமம் வைத்து, ஒரு சாவியை வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். "இன்னொன்று இருந்தது, சார். வீடு மாற்றியபோது எங்கே போயிற்றோ தெரியவில்லை" என்றார். நான் அதைப் பொருட்படுத்தவில்லை. தெரு முனைக்குத் தெரு முனை ஒரு சாவிக்காரர் அரத்தோடு உட்கார்ந்திருக்கும் ஊரில் ஒரு சாவிக்கா பஞ்சம்?

இன்ஷூரன்ஸ் புதுப்பிக்க வந்த நண்பர்தான் என் நிம்மதியைக் குலைத்தார். "கார் திருட்டுப் போய் நஷ்ட ஈடு கேட்டால் இரண்டு சாவியையும் மேஜைமேல் வைக்கச் சொல்வார்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால், மற்றொன்றைக் காரிலேயே விட்டீர்களா, யாரிடமாவது கொடுத்தீர்களா என்று கேள்விமேல் கேள்வி வரும்" என்றார்.

மறு நாளே கம்பெனி சர்வீஸ் நிலையத்துக்குப் போனேன். அங்கே மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் மிகவும் மரியாதையாக, "பதினாறாயிரம் ஆகும், சார். சாவி வரப் பதினைந்து நாள் பிடிக்கும்" என்றாள். என் வீட்டு வாசற்கதவுக்கு மாற்றுச் சாவி போட ஐம்பது ரூபாய்தான் கொடுத்தேன். அந்த வாசற்கதவுக்குள்தான் என் சொத்து முழுவதும் இருக்கிறது. இதைச் சொன்னபோது அவள் சிரித்துக்கொண்டே, "அது சாவி, சார். இது கம்ப்யூட்டர்" என்றாள்.

கோபம் வந்தால் எனக்குச் சண்டை போடத் தெரியாது. புஸ்தகத்தைப் புரட்டத்தான் தெரியும். விரல் நீளத் தகடு எப்போது கம்ப்யூட்டராயிற்று என்று தேட ஆரம்பித்தேன். தேடத் தேட, அந்தப் பெண் சொன்னது பொய்யல்ல என்று தெரிந்தது. அது முழு உண்மையல்ல என்பதும் தெரிந்தது.

பூட்டின் பூர்வீகம் பழைய எகிப்து வரைக்கும் போகிறது. அங்கே மரத்தாழ்ப்பாளில் சில துவாரங்கள் இருக்கும். மேலிருந்து மரமுளைகள் அந்தத் துவாரங்களில் விழுந்து தாழ்ப்பாளை நகரவொட்டாமல் பிடித்துக்கொள்ளும். சாவி என்பது பற்கள் வைத்த ஒரு மரக்கட்டை. அதை உள்ளே விட்டுத் தூக்கினால் முளைகள் மேலே எழும்பும், தாழ்ப்பாள் நகரும். கோட்டைக் கதவின் சாவியைத் தோளில் சுமந்து போவார்களாம். நம் கோயில்களில் சந்நிதிக் கதவின் முழ நீளச் சாவியைப் பார்த்தவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றாது.

அந்த எகிப்தியத் தந்திரத்தைச் சட்டைப் பைக்குள் அடங்கும்படி செய்தவர் அமெரிக்காவின் லைனஸ் யேல் என்னும் இளையவர். தகப்பனார் பெயரும் லைனஸ் யேல்தான். அவரும் பூட்டுச் செய்தவரே. மகன் 1861-லும் 1865-லும் வாங்கிய உரிமைப் பத்திரங்கள் இன்று நம் வாசற்கதவில் இருக்கும் உருளைப் பூட்டுக்கு மூலம். சின்னச் சின்னப் பித்தளை முளைகள், அவற்றை அழுத்தும் வில்கள், பல் வெட்டிய தட்டைச் சாவி, இவ்வளவுதான் விஷயம். ரகசியம் முழுவதும் சாவியின் பற்களில் இருந்தது. கண்ணால் பார்க்கலாம், அரத்தால் ராவலாம். சாவி கையில் இருப்பவன் யாரையும் அனுமதி கேட்காமல் இன்னொன்று செய்துகொள்ளலாம்.

யேலுக்கு முன்பே லண்டனில் ஒரு வேடிக்கை நடந்தது. ஜோசப் பிராமா என்பவர் 1784-இல் ஒரு பூட்டுக்கு உரிமை பெற்றார். பிறகு தம் கடை ஜன்னலில் அதை வைத்து, திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று பலகை எழுதிப் போட்டார். பல வருஷங்கள் யாராலும் முடியவில்லை. 1851-இல் லண்டன் மகா கண்காட்சிக்கு அமெரிக்காவிலிருந்து ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற பூட்டு வியாபாரி வந்தார். இங்கிலாந்து பெருமையாக நினைத்த சப் பூட்டை 25 நிமிஷத்தில் திறந்தார். பிறகு பிராமா பூட்டின் முன் உட்கார்ந்தார். பதினாறு நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் செலவழித்து அதையும் திறந்துவிட்டார்.

லண்டனில் ஒரே அமளி. பூட்டின் பலவீனத்தை ஊரறியச் சொல்லலாமா, அது திருடனுக்குப் பாடம் நடத்துவது ஆகாதா என்று ஒரு கட்சி. திருடனுக்கு அது முன்பே தெரியும், தெரியாதவன் பூட்டின் சொந்தக்காரன்தான் என்று மறு கட்சி. இந்தச் சண்டையை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். காரில் ஏறியபின் மறுபடியும் இதைச் சந்திக்கப்போகிறோம்.

ஆரம்பக் காலக் கார்களுக்குப் பூட்டுப் பெரிய விஷயமாக இல்லை. முன்பக்கம் நின்று இரும்புக் கம்பியைச் சுழற்றிக் கிளப்ப வேண்டும். அதில் கை முறிந்தவர்கள் உண்டு. மின்சாரத்தால் கிளப்பும் கருவியைச் சார்ல்ஸ் கெட்டரிங் செய்து, 1912-ஆம் வருஷத்துக் காடிலாக் கார்களில் அது பொருத்தப்பட்டது. கார் சுலபமாகக் கிளம்பினால், சொந்தக்காரனுக்கு மட்டுமா கிளம்பும்? திருட்டுப் பெருகிற்று. திருடிய காரை ஒரு ராஜ்யத்திலிருந்து இன்னொரு ராஜ்யத்துக்குக் கொண்டுபோவதைக் குற்றமாக்கி அமெரிக்கா 1919-இல் ஒரு தனிச் சட்டமே செய்தது.

அதே 1919-இல் ஹென்ரி ஃபோர்டின் மாடல் டி காருக்கு மின்சாரக் கிளப்பியும் புதுச் சாவியும் வந்தன. இந்தச் சாவியைப் பற்றிப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். லட்சக்கணக்கான கார்களுக்கு மொத்தம் 24 விதச் சாவிதான். 51 முதல் 74 வரை நம்பர். அந்த நம்பரையும் காருக்குள் பூட்டின் முகத்திலேயே பொறித்திருந்தார்கள்! சாவி தொலைந்தால் அழ வேண்டியதில்லை. நம்பரைப் படித்து, கடைக்குப் போய், "அறுபத்திரண்டு கொடு" என்றால் போதும். காரின் முதல் சொந்தக்காரன், மூன்றாவது சொந்தக்காரன் என்ற வித்தியாசம் இல்லை. மாற்றுச் சாவி அதைப்போல் சல்லிசாகக் கிடைத்த காலம் அதற்குப்பின் வரவில்லை.

ஆனால் அந்த 24 சாவிகளையும் ஒரு வளையத்தில் கோத்துக்கொண்டு ஒருவன் புறப்பட்டால், அந்தச் சாவி போட்ட மாடல் டி காரெல்லாம் அவன் கார்தான். என் சாவி எனக்குச் சுலபமாகக் கிடைத்தால் திருடனுக்கும் சுலபமாகக் கிடைக்கும். திருடனுக்கு அதைக் கடினமாக்கினால் எனக்கும் கடினமாகும். கார்ச் சாவியின் சரித்திரம் முழுவதும் இந்தத் தராசின் ஏற்ற இறக்கந்தான்.

1949-இல் கிரைஸ்லர் கம்பெனி, சாவியைத் திருப்பினாலே எஞ்சின் கிளம்பும்படி செய்தது. அதுவரை சாவி ஒரு பக்கம், கிளப்பும் பொத்தான் ஒரு பக்கம். 1970 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்த அமெரிக்க விதி இன்னும் ஒரு படி மேலே போயிற்று. சாவியை எடுத்துவிட்டால் எஞ்சின் கிளம்பக் கூடாது. அத்தோடு ஸ்டியரிங்காவது திரும்பாமலோ, வண்டியாவது முன்னே நகராமலோ பூட்டிக்கொள்ள வேண்டும். சாவியில் குறைந்தது 1,000 விதமாவது இருக்க வேண்டும் என்றும் அந்த விதி சொல்லிற்று. இருபத்து நாலு ஆயிரமாயிற்று. ஆனாலும் சாவிக்காரரின் அரத்துக்குக் கேடு வரவில்லை. ஆயிரம் விதமானாலும் பல் பல்தானே?

அரத்துக்கு முதல் அடி விழுந்தது 1986 மாடல் கார்வெட் காரில். சாவியின் தகட்டில் கறுப்பாக ஒரு சிறு துண்டைப் பதித்தார்கள். அது மின்சாரத்தைத் தடுக்கும் துண்டு. தடுக்கும் அளவில் 15 விதம். பல் பொருந்தினாலும் அளவு பொருந்தாவிட்டால் எஞ்சின் கிளம்பாது. ஆனால் அதை அளக்கும் மீட்டர் எந்த மின்சாரக் கடையிலும் கிடைக்கும். சாவிக்காரர்கள் மீட்டரும் கையுமாகத் தொழிலைத் தொடர்ந்தார்கள்.

அடுத்த அடி ஐரோப்பாவில் விழுந்தது. 1990-களின் ஆரம்பத்தில் ஜெர்மனியில் கார்த் திருட்டு மிக அதிகரித்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பதறின. எஞ்சினையே ஓடாமல் தடுக்கும் கருவி வேண்டும் என்று 1995-இல் ஐரோப்பிய உத்தரவு ஒன்று பிறந்தது. 1998 அக்டோபர் முதல் அங்கே விற்கும் புதுக் கார்களுக்கெல்லாம் அது கட்டாயமாயிற்று.

பதினாறாயிரம் ரூபாய்ச் சாவியின் மர்மம் இதுதான். சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய ஒரு சிப் இருக்கிறது. டிரான்ஸ்பாண்டர் என்று பெயர். அதற்குப் பாட்டரி கிடையாது. சாவித் துவாரத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் சுருளிலிருந்து எழும் அலை சிப்பை உயிர்ப்பிக்கிறது. "நீ யார்?" என்று காரின் கம்ப்யூட்டர் கேட்கிறது. சிப் தன் நம்பரைச் சொல்கிறது. பிற்காலத்து ஏற்பாட்டில் கம்ப்யூட்டர் ஒவ்வொரு தடவையும் ஒரு புதுக் கணக்கைக் கொடுத்து விடை கேட்கும். விடை சரியானால் பெட்ரோல் பாயும். தவறினால் எஞ்சின் ஊமையாகிவிடும். கண் மூடித் திறப்பதற்குள் இவ்வளவும் நடந்துவிடுகிறது.

இதனால் பயன் இல்லை என்று சொன்னால் நான் பொய் சொன்னவன் ஆவேன். நெதர்லாந்தில் 1995 முதல் 2008 வரை நடந்ததை ஆராய்ந்த இரண்டு பொருளாதார நிபுணர்கள், இந்தக் கருவியால் கார்த் திருட்டு சுமார் 40 சதவீதம் குறைந்ததாகக் கணக்கிட்டார்கள். அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. அங்கே இந்தக் கருவியைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. 2011 முதல் 2021 வரை அங்கே விற்ற கியா, ஹ்யுண்டாய் கார்கள் பலவற்றில் அது இல்லை. சாவித் துவாரத்தின் மூடியைப் பெயர்த்து, டெலிபோனுக்கு மின்சாரம் ஏற்றும் கம்பியின் முனையால் திருப்பிக் காரை ஓட்டிச் செல்லும் வித்தையைப் பையன்கள் படம் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டினார்கள். பல நகரங்களில் திருட்டு மளமளவென்று ஏறிற்று. 2023-இல் அந்தக் கம்பெனிகள் சுமார் 20 கோடி டாலருக்கு வழக்கைச் சமரசம் செய்துகொள்ள ஒப்புக்கொண்டன. எல்லைக்கு வடக்கே கானடாவில் 2007 முதலே கருவி கட்டாயம். அங்கே இந்தக் கூத்து நடக்கவில்லை.

ஆகவே சிப்பின்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் சிப் வந்தபோது இன்னொன்றும் கூடவே மாறிவிட்டது. முன்பு ரகசியம் சாவியில் இருந்தது. சாவி என் கையில் இருந்தது. இப்போது சாவியைக் காருக்கு அறிமுகம் செய்துவைக்கும் முறை கம்பெனியிடம் இருக்கிறது. சிப்பின் விலை சொற்பம். பதினாறாயிரத்தில் பெரும் பங்கு அந்த அறிமுகத்துக்கான தட்சிணை. காரை நான் விலைக்கு வாங்கிவிட்டேன். என் காரிடம் "இது நம் ஆள்" என்று சொல்லும் உரிமையை வாங்கவில்லை!

இதற்காக வழக்குகளும் சட்டங்களும் தோன்றியிருக்கின்றன. கலிபோர்னியா ராஜ்யம் 2006-இல் ஒரு சட்டம் செய்தது. பதிவு பெற்ற பூட்டுத் தொழிலாளி ஒருவர், சொந்தக்காரருக்காகக் கேட்டால், சாவி செய்வதற்கான விவரத்தை இரவு பகல் பாராமல் கம்பெனி கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஐரோப்பாவிலோ ஹாப்ஸின் பழைய சண்டை மறுபடி மூண்டது. மெகமாஸ் என்ற சிப்பின் ரகசியக் கணக்கில் ஓட்டை இருப்பதை மூன்று ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதை வெளியிடக் கூடாது என்று ஃபோக்ஸ்வாகன் கம்பெனி 2013-இல் லண்டன் ஹைகோர்ட்டில் தடை வாங்கிற்று. இரண்டு வருஷம் கழித்து, ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் நீக்கிவிட்டு, 2015-இல் கட்டுரை வெளிவந்தது. ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் கட்சிகள் அதே கட்சிகள்.

கம்பெனிகள் சில இடங்களில் தாராளமாகவும் நடந்திருக்கின்றன. அமெரிக்காவில் விற்ற பல ஃபோர்டு கார்களில் ஒரு வசதி உண்டு. செல்லுபடியாகும் இரண்டு சாவிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினால், மூன்றாவதைக் கார் தானே ஏற்றுக்கொள்ளும். யாருடைய தயவும் வேண்டாம். சாவிக் கடையில் சிப் வைத்த சாவியை வெட்டி வாங்கிக்கொண்டால் போதும். ஆனால் இரண்டு வேண்டும்! ஒன்றுதான் இருக்கிறது என்றால் கம்பெனி வாசலுக்கோ, கருவி வைத்திருக்கும் தொழிலாளியிடமோ போய்த்தான் ஆக வேண்டும். புதுக் கார் வாங்கும் பணக்காரருக்கு இரண்டு சாவி கொடுக்கிறார்கள். மூன்றாவது அவருக்குச் சல்லிசு. அவர் ஒன்றைத் தொலைத்துவிட்டு விற்ற காரை வாங்குகிற நம்மைப் போன்றவருக்கு இரண்டாவதே யானை விலை. கடைசியில் வருகிறவனிடம் போய்ச் சேருகிறது முழுக் கடனும்.

இத்தனையும் படித்துவிட்டு ஒரு சனிக்கிழமை காலையில் புதுப்பேட்டைப் பக்கம் போனேன். மோட்டார்ச் சாமான் கடைகளுக்கு நடுவே, ஆள் ஒருவர் உட்காரும் அளவுக்கு ஒரு கடை. உள்ளே வெள்ளைத் தொப்பி வைத்த பெரியவர். சாவி வெட்டும் இயந்திரத்தின் பக்கத்திலேயே, காலத்தால் தேய்ந்த ஓர் அரமும் கிடந்தது.

"பாய், இந்தக் காருக்கு இன்னொரு சாவி வேண்டும்" என்றேன்.

சாவியை அவர் தொடவே இல்லை. "ஆர்.ஸி. கொண்டாந்திருக்கீங்களா, சார்? அடையாள அட்டையும் காட்டுங்க. சாவி கேக்குறவங்க எல்லாரும் சொந்தக்காரங்க இல்லையே" என்றார்.

இரண்டையும் பார்த்துப் பெரிய நோட்டில் எழுதிக்கொண்ட பிறகுதான் எழுந்தார். "கதவு திறக்கிற பட்டன் வேணுமா? பட்டன் இல்லாம, சிப் மட்டும் போதும்னா மூவாயிரத்து ஐந்நூறு. அவசரத்துக்கு அது போதும், சார்" என்றார். போதும் என்றேன்.

பல் வெட்டிச் சிப்பைத் தலைக்குள் வைத்தார். ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு கருவியைச் செருகினார். கருவியின் கண்ணாடியில் எழுத்துக்கள் ஓடின. பாய் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சார், வண்டிக்கு ரெண்டு சாவி தெரியுது. ஒண்ணு உங்ககிட்டே இருக்கு. இன்னொண்ணு யார்கிட்டே?" என்று கேட்டார்.

எனக்குச் சொரேல் என்றது. இத்தனை நாளும் ஒரு சாவி குறைகிறதே என்றுதான் கவலைப்பட்டேன். ஒரு சாவி அதிகமாக இருக்கிறது என்பது என் புத்தியில் படவே இல்லை. எங்கோ ஒரு வீட்டின் பழைய பெட்டியிலோ, சாமான் ஏற்றி இறக்கிய ஆள் எவருடைய பையிலோ என் காரைக் கிளப்பக்கூடிய சாவி ஒன்று கிடக்கிறது. ராத்திரி என் வாசலில் நிற்கும் கார் அதற்கும் பதில் சொல்லக் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

"அதை அழிச்சுடலாமா, சார்?" என்றார் பாய்.

"அழிக்க முடியுமா?"

"எல்லாத்தையும் மறக்க வச்சுட்டு, கையில இருக்கிற ரெண்டை மட்டும் புதுசா சொல்லிக் கொடுக்கணும். அந்தப் பழைய சாவி இனிமே கதவைத் திறக்கும், வண்டியைக் கிளப்பாது. கதவுக்கும் பயம்னா பூட்டை மாத்திக்கலாம். அது உங்க இஷ்டம்."

பத்து நிமிஷத்தில் காரியம் முடிந்தது. பழைய சாவியைப் போட்டுத் திருப்பினார், எஞ்சின் கிளம்பிற்று. புதுச் சாவியைப் போட்டுத் திருப்பினார், அதற்கும் கிளம்பிற்று. பணத்தை வாங்கிக்கொண்டு, "ஒரு சாவியாவது உசிரோட இருக்கிறப்போ வந்தீங்க, நல்லது. அதுவும் தொலைஞ்சிருந்தா நான் பூட்டைக் கழட்டணும், உள்ளே இருக்கிற பெட்டியைக் கழட்டணும். மூணு மடங்கு ஆயிருக்கும்" என்றார்.

கம்பெனியில் பதினாறாயிரம் கேட்ட பெண் என்னிடம் ஆர்.ஸி. கேட்டாள், இவரும் கேட்டார். அவள் கேட்கச் சொல்லி ஒரு விதி இருந்தது. இவரைக் கேட்கச் சொல்ல யார் இருந்தார்கள்? ரகசியத்தை வெளியே விட்டால் திருடன் கைக்குப் போய்விடும் என்று கம்பெனிகள் சொல்லும்போதெல்லாம், இனிமேல் எனக்கு அந்தப் பெரிய நோட்டு ஞாபகம் வரும். பதிவு பெற்ற தொழிலாளியை நம்பலாம் என்று கலிபோர்னியாக்காரர்கள் சட்டம் செய்தார்களே, அந்தச் சட்டம் செய்தவர்கள் இவரைப் போன்ற யாரையோ பார்த்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து புதுச் சாவியைச் சமையலறை ஆணியில் மாட்டினேன். என் மனைவி பார்த்துவிட்டு, "இதையும் தொலைத்துவிடப் போகிறீர்கள், பீரோவில் வையுங்கள்" என்றாள். பீரோவில் வைத்தேன். என்றாவது ஒரு நாள் இந்தக் காரை யாருக்காவது விற்பேன். அன்றைக்கு வெற்றிலைத் தட்டில் இரண்டு சாவிகளையும் வைத்துக் கொடுக்க வேண்டும்.